மாமியார் புழுக்கை போட்ட கதை

மாமியார் என்பது முயலின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் குழாய்க்காரர் மாமியாரைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்து வாயில் மருந்து ஊற்றினார் என்று பின்னால் வரும்போது, படிக்கிறவர்கள் அந்த மனுஷனைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவார்கள்.

பெயர் வைத்தது அவருடைய மனைவி. மகள் கல்யாணமாகிப் போய் வீடு வெறிச்சோடிக் கிடந்தபோது வந்து சேர்ந்த முயல் அது. சாம்பல் நிறம், கழுத்தடியில் இரட்டை நாடி, எந்நேரமும் சுளித்த மூக்கு. எதை வைத்தாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, உன் கையில் யார் கரண்டியைக் கொடுத்தது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீனி கொஞ்சம் தாமதமானால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு உதை. "இது முயலே இல்லங்க, மாமியாரு," என்றாள் அவள். பெயர் ஒட்டிக்கொண்டது. சோபாவின் காலைக் கடித்தாலும் சார்ஜர் வயரைத் துண்டாக்கினாலும் அந்த வீட்டில் கேட்பாரில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டிதானே.

அதே வீட்டின் முன்னறையில் மனைவியின் அண்ணன் இருந்தார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட ஆள். விடியும் முன்னே பேக்கரிக்குப் போய் மாவு பிசைந்து, ரொட்டியெல்லாம் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு மதியம் வீடு திரும்புவார். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். அந்த ரொட்டிக்காரருக்கு முயலின் பெயரில்தான் மனத்தாங்கல்.

"எங்க அம்மா போய்ச் சேந்து எவ்வளவு காலம் ஆச்சு. அவங்கள ஏன் மாப்ள கூண்டுல அடைக்கிறீங்க?"

"உங்க அம்மாவ அடைக்கிற கூண்ட இன்னும் யாரும் செய்யல மச்சான்."

"பேரு வச்சது என் தங்கச்சி. அவளுக்கு மாமியாருன்னா யாரு? உங்க அம்மா. அதையும் யோசிச்சுப் பாருங்க."

குழாய்க்காரருக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. அன்றைக்கு முழுக்க முயலோடு பேசவில்லை.

மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியதும் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் ஊருக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அவசரத்திலும் கணவரை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முயலைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "காஞ்ச புல்லுதான் இவளுக்கு உசிரு. அது எப்பவும் முன்னால கிடக்கணும். கீரை கொஞ்சம். பழம், பலகாரம் எதையும் கண்ணுல காட்டாதீங்க. எங்க அண்ணன் கைக்கு வந்ததக் கொடுக்கும், அது மேல ஒரு கண்ணு வையுங்க. உங்களத்தான் நம்பி விட்டுட்டுப் போறேன்."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதுதான் அவர் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருடக் குடித்தனத்தில் உயிருள்ள எதையும் அவள் அவரை நம்பி விட்டது கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளே பார்ப்பாள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போவாள். "நீங்க குழாயப் பாருங்க," என்பாள். ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கைபட்டவை. சொந்த வீட்டிலும் குழாய் மட்டும்தான் அவர் பொறுப்பு. இப்போது மாமியாரே அவர் பொறுப்பு. அவள் திரும்பி வரும்போது முயலைக் கொழுகொழுவென்று அவள் மடியில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் பிறகு அந்த வீட்டில் யாரும் அவரைக் குழாயோடு நிறுத்த முடியாது.

முயல் ஒத்துழைக்கவில்லை. மனைவியின் கட்டிலுக்கு அடியில் போய், சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. குழாய்க்காரர் தரையில் குப்புறப் படுத்து, புல்லை ஆட்டிக் காட்டினார். கீரையை ஆட்டிக் காட்டினார். கடைசியில் தாம் தின்றுகொண்டிருந்த வாழைப்பழத்தில் ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினார். மாமியார் திரும்பினாள். மூக்கு படபடத்தது. அடுத்த நொடி அவர் விரலில் பழம் இல்லை.

மறுநாள் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியிலிருந்து ஓடி வந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு அவருடைய டூல் பைக்குள், முறுக்குச் சாவிக்கும் டேப்புக்கும் நடுவே, தினமும் ஒரு வாழைப்பழம் இருந்தது. மச்சானுக்குத் தெரிந்தால் தங்கச்சிக்குத் தந்தி அடித்துவிடுவார். அதனால் மச்சான் வேலையிலிருந்து வருவதற்குள் ஊட்டிவிட்டு, தோலை டூல் பைக்குள்ளேயே சுருட்டி வைத்துவிடுவார்.

"என்னப் பாத்தா எப்படி ஓடி வரா பாத்தீங்களா மச்சான்?" என்று மட்டும் சாயங்காலம் பெருமை அடித்துக்கொள்வார்.

"என்னப் பாத்தாலும்தான் ஓடி வரா," என்பார் ரொட்டிக்காரர். "ராசி அப்படி."

அவருடைய ராசி என்ன என்று குழாய்க்காரர் அப்போது விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கிற சுவருக்குள்தான் துரு இருக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற மனுஷன், வீட்டுக்குள் கோட்டை விட்டார்.

ஒரு நாள் காலையில் முயலின் தட்டு துடைத்து வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. வழக்கமாக மிளகைக் கொட்டியதுபோலப் புழுக்கை கிடக்கும் தட்டு. பரவாயில்லையே, மச்சான் சுத்தம் செய்திருக்கிறார் என்று நினைத்தார். கேட்கவில்லை. கேட்டால் பாராட்ட வேண்டி வரும். ரொட்டிக்காரர் மதியம் வந்து பார்த்து, மாப்பிள்ளைக்கு இன்றைக்காவது புத்தி வந்து தட்டைக் கழுவியிருக்கிறார் என்று நினைத்தார். அவரும் கேட்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் வாய்விட்டு மெச்சிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, கண்ணுக்கு முன்னால் இருந்த ஆபத்து அவர்கள் கண்ணில் படவில்லை. மறுநாளும் தட்டு சுத்தம்.

அன்றைக்கு அவர் வாழைப்பழத்தை நீட்டியபோது மாமியார் வரவில்லை. கூண்டு மூலையில் பந்துபோலச் சுருண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. புல் வைத்தது வைத்தபடி இருந்தது. குழாய்க்காரர் பழத்தை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. சுளிக்கவும் இல்லை. மாமியார் குறை சொல்லாத நாள் நல்ல நாள் இல்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மச்சான்!" என்று கத்தினார். அப்போதுதான் உள்ளே நுழைந்த ரொட்டிக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தார்.

ஸ்கூட்டரில் போனார்கள். குழாய்க்காரர் ஓட்ட, பின்னால் ரொட்டிக்காரர் மடியில் ரொட்டிக் கூடை. கூடைக்குள் துணி விரித்து மாமியார். வழியெல்லாம் குழாய்க்காரர் புலம்பிக்கொண்டே வந்தார். "இந்த டாக்டருங்கள நம்பாதீங்க மச்சான். நல்லா இருக்கிற சுவத்த உடைச்சுப் பாத்துட்டு, பைப் பழுதுன்னு சொல்ற ஆளுங்க. எங்க தொழில்லயே எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"அந்த எத்தன பேருல நீங்க உண்டா இல்லையா?"

"ரோட்டப் பாத்து உக்காருங்க."

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, முயலை மேசைமேல் விரித்த துண்டில் வைத்து, வயிற்றை இரண்டு பக்கமும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, அதைக் கழற்றி, என்ன நினைத்தாளோ, குழாய்க்காரர் காதில் மாட்டினாள்.

"என்ன கேக்குது?"

சுவருக்குள் ஒழுகுகிற தண்ணீரைக் காதை வைத்தே கண்டுபிடிக்கிறவர் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணும் கேக்கலையேம்மா."

"அதான் நோய். நல்லா இருக்கிற முயலோட வயித்துல எப்பவும் ஏதாவது ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். இதுக்குக் குடல் நகராம நின்னுபோச்சு. முயலுக்குச் சாப்பாடு நின்னா குடல் நிக்கும், குடல் நின்னா சாப்பாடு இன்னும் பிடிக்காது. அப்படியே விட்டா உசிருக்கே ஆபத்து." பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "என்ன கொடுத்தீங்க? பழம், இனிப்பு, மாவுப் பண்டம், அந்த மாதிரி ஏதாவது?"

"புல்லுதான்," என்றார் குழாய்க்காரர்.

"புல்லு மட்டும்தான்," என்றார் ரொட்டிக்காரர்.

இரண்டு பேருக்கும் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது. ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் முன்னால் வாயைத் திறப்பதா? டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஊசி போட்டாள். தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினாள். வலி குறையவும் குடல் ஓடவும் ஒரு சின்னப் புட்டியில் மருந்து. தண்ணீரில் குழைத்து ஊட்ட, புல்லை அரைத்த பச்சை மாவு. ஊட்டுவதற்கு ஊசி இல்லாத சிரிஞ்சு.

"கொஞ்சம் கொஞ்சமா, நேரம் விட்டு விட்டு ஊட்டணும். வயித்துல சூடா ஒத்தடம். பொறுப்பா ஒரே ஆள் பாக்கணும். யாரு பாப்பீங்க?"

"நான்," என்றார் குழாய்க்காரர், கேள்வி முடிவதற்குள்.

ரொட்டிக்காரர் கூரையைப் பார்த்தார். அதைக் கவனித்திருந்தாலும் புரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்க்காரர் வேலையில் இறங்கினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், மனுஷன் அதில் கெட்டிக்காரராக இருந்தார். மாவைக் கட்டி தட்டாமல் குழைத்தார். மாமியாரைத் துண்டில் நாலு கால்களும் அடங்கச் சுருட்டி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொண்டார். சிரிஞ்சை நேராக வாய்க்குள் திணிக்காமல், பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் நுழைத்து ஒரு சொட்டு விட்டார். மாமியார் மென்றாள். இன்னொரு சொட்டு. "அப்படித்தான்... ஏன் முறைக்கிற? நானா செஞ்சேன்? நான்தான் செஞ்சேன். சரி, முழுங்கு." பச்சைக் குழம்பு அவர் சட்டை, மீசை, கண்ணாடி எல்லாம் அப்பியது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் வைத்தார். மருந்துப் புட்டியை மட்டும் வெளியே வைக்கவில்லை. மச்சான் கை வைத்துவிடுவார் என்று சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தார்.

மனைவி போன் செய்தாள். "மாமியாரு எப்படி இருக்கா?"

"தூங்குறா."

"நல்லா சாப்பிடறாளா?"

"ஊட்டாத குறைதான்," என்றார். ஊட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் மதியம் வரைக்கும் மாமியார் தானாக ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. தட்டும் காலி. ஆனால் குழாய்க்காரர் அசரவில்லை. எவ்வளவு பிடிவாதமான அடைப்பாக இருந்தாலும் விடாமல் தள்ளினால் ஒரு நேரம் போயே தீரும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மதிய வேளை ஊட்டி முடித்த கையோடு தெருக்கோடி வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாடித் தொட்டி உடைந்து படிக்கட்டில் அருவி கொட்டுகிறதாம். போகாமல் இருக்க முடியாது. போனார். போய்ப் பார்த்தால் பெரிய முறுக்குச் சாவியை வீட்டிலேயே விட்டிருந்தார். எடுக்கத் திரும்பி வந்தவர் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

ரொட்டிக்காரர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில், மாவு மூடுகிற வெள்ளைத் துணியில் சுருட்டிய மாமியார். அவர் கையில் இன்னொரு சிரிஞ்சு.

"யோவ் மச்சான்! என்ன பண்ற?"

"கத்தாதீங்க. பயப்படுறா."

"இப்பத்தானய்யா ஊட்டிட்டுப் போனேன்!"

"நீங்க ஊட்டினத யார் பாத்தா? நேத்தும் ஊட்டினேன் ஊட்டினேன்னீங்க, ஒரு புழுக்கை உண்டா?"

"நேத்துமா? நேத்துமா ஊட்டின?"

"உங்கள நம்பி விட முடியுமா? என் தங்கச்சி என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா."

"என்னத்தச் சொன்னா?"

"'அண்ணே, அவரு வேலை வேலைன்னு ஓடிருவாரு. மாமியாரு பட்டினி கிடப்பா. உன்னத்தான் நம்பி விட்டுட்டுப் போறேன்'னு சொன்னா. கதவச் சாத்திட்டுச் சொன்னா."

குழாய்க்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "என்கிட்டயும் கதவச் சாத்திட்டுத்தான் சொன்னா. என்னத்தான் நம்பி விட்டுட்டுப் போறேன்னு. உங்க மேல ஒரு கண்ணு வைக்கச் சொன்னா. நீங்க கைக்கு வந்ததக் கொடுத்துருவீங்களாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் மாமியாரின் பல் நறநறத்தது.

"கொடுத்தீங்களா?" என்றார் குழாய்க்காரர்.

"என்னத்த?"

"கைக்கு வந்தத."

ரொட்டிக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ரஸ்க்கு. சின்னத் துண்டுதான்."

"உங்க சின்னத் துண்டு எனக்குத் தெரியாதா? தினமுமா?"

"அவ வந்து நிக்கிறாளே மாப்ள! பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா? சரி, நீங்க என்னமோ யோக்கியர் மாதிரி பேசறீங்க. டூல் பைக்குள்ள வாழைப்பழத் தோல் எதுக்கு? பைப் ஜாயிண்டுக்கு வைக்கிறீங்களா?"

வீட்டில் இருந்த முயலுக்கு நாலு கால். ஆளுக்கு மூன்று என்று சாதித்துக்கொண்டே அதைப் படுக்கையில் தள்ளியிருந்தார்கள். குழாய்க்காரர் கையை நீட்டி மாமியாரின் வயிற்றைத் தொட்டார். காலையில் பிசைந்த மாவுபோல இருந்த வயிறு இப்போது காற்றடித்த டியூப்போல விண்ணென்று இருந்தது.

"கூடைய எடுங்க மச்சான்," என்றார்.

தெருக்கோடி வீட்டின் மெயின் வால்வை அடைக்கச் சொல்லிப் போகிற வழியில் கத்திவிட்டுப் போனார்கள். உடைந்த தொட்டி காத்திருக்கும்.

டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினாள். "எவ்வளவு ஊட்டினீங்க?"

"நீங்க சொன்ன அளவுதாம்மா ஊட்டினேன்," என்றார் குழாய்க்காரர்.

"நானும் சொன்ன அளவுதான்," என்றார் ரொட்டிக்காரர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "மருந்தும் ரெண்டு பேருமா?"

"இல்ல. அத இவரு சட்டைப் பையிலயே பூட்டி வச்சிருந்தாரு," என்றார் ரொட்டிக்காரர்.

"நல்லவேளை. ஒருத்தர ஒருத்தர் நம்பாததுல இந்த ஒரு நன்மையாவது நடந்துச்சு."

இனி ஒளித்துப் பிரயோசனமில்லை. குழாய்க்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாழைப்பழத்தைச் சொன்னார். அவர் சொன்னதும் ரொட்டிக்காரர் ரஸ்க்கைச் சொன்னார். நேற்றுச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொன்னார்கள்.

"ரெண்டு பேரும் எவ்வளவு காலமா ஒரே வீட்டுல இருக்கீங்க?" என்றாள் டாக்டர்.

"என் கல்யாணத்துலேருந்து."

"பேசிக்கறதே இல்லையா?"

"நாள் பூரா பேசுவோம்மா."

"எதப் பத்தி?"

இருவருக்கும் சட்டென்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டாள். குழாய்க்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க அடைப்புன்னு நெனச்சுத் தள்ளியிருக்கீங்க. இது குழாய் அடைப்பு இல்ல. பம்பு நின்னுருக்கு. பம்பு நின்ன லைன்ல மேலேருந்து தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"தொட்டி வெடிக்கும்," என்றார் அவர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு டாக்டர் வாயிலிருந்து அவருக்குப் புரிகிற பாஷை வந்தது அதுதான் முதல் தடவை. முதல் தடவையாக ஒரு டாக்டரை நம்பினார்.

வலிக்கு இன்னொரு ஊசி போட்டாள். குழாய் ஒன்றை மெல்ல விட்டு வயிற்றில் இருந்த காற்றைக் கொஞ்சம் வெளியேற்றினாள். வெளியே வரிசையில் இரண்டு நாய்கள் விடாமல் குரைத்தன. ஒவ்வொரு குரைப்புக்கும் மாமியாரின் உடம்பு துள்ளி அடங்கியது. "இங்க வச்சா பயத்துலயே போயிடும். வீட்டுக்கே கொண்டு போங்க. நான் சொல்ற வரைக்கும் ஊட்டக் கூடாது. வயித்த மெதுவா நீவி விடுங்க. கொஞ்சம் நடக்க விடுங்க. இன்னும் வீங்கிச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வயித்துல சத்தம் வரணும். வந்தா பொழைச்சுக்கும்."

ரொட்டிக்காரர் கூடையை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்க்காரர் முதல் காரியமாகச் சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். "மருந்து உங்க பொறுப்பு. ஊட்டறது, அவங்க சொன்னப்புறம், என் பொறுப்பு. நீங்க கொடுத்தா எனக்குச் சொல்லணும். நான் ஊட்டினா உங்களுக்குச் சொல்வேன். வாயத் தொறந்து சொல்லணும் மச்சான். கூரையப் பாக்கக் கூடாது."

"சரி."

"இப்ப வயித்த நீவணும். எனக்குக் கை முரடு."

ரொட்டிக்காரர் கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காலம் முழுக்கப் புளித்து எழும்புகிற மாவைத் தொட்டுப் பழகிய விரல்கள். அழுத்தினால் மாவு உட்கார்ந்துவிடும், தொடாமல் விட்டாலும் காரியம் நடக்காது. அந்தப் பக்குவத்தில் விலாவுக்குக் கீழே ஆரம்பித்துப் பின்பக்கமாக, வட்டம் வட்டமாக நீவினார். மாமியாரின் கண்கள் மெல்ல மூடின. குழாய்க்காரர் தரையில் குப்புறப் படுத்து அவள் வயிற்றில் காதை வைத்தார்.

"என்ன கேக்குது?"

"உங்க மூச்சுதான் கேக்குது. கொஞ்சம் மெதுவா விடுங்க."

நீவினார்கள். இறக்கி நடக்கவிட்டார்கள். நாலு எட்டு வைத்துவிட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். குழாய்க்காரர் பின்னாலேயே தவழ்ந்து போய், "நட தாயே, நட, உனக்கு என்ன சொத்து வேணும் சொல்லு, எழுதித் தரேன்," என்பார். "சொத்து எங்க இருக்கு? இருக்கிற இந்த வீடே என் தங்கச்சி பேருலதான்," என்பார் ரொட்டிக்காரர். மறுபடி நீவல். மறுபடி காது. ஜன்னல் வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, தரையிலிருந்து நழுவி வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்காரர் வெயிலைப் பார்க்கவே இல்லை. இது நடக்கும் என்று ஒரே முடிவாக இருந்தார். பம்பு நின்ற வீடு எத்தனையோ பார்த்தாயிற்று. காற்று போய்விட்டால் எந்த பம்பும் ஒரு நேரம் தண்ணீரை இழுக்கும்.

திடீரென்று கையைத் தூக்கினார். "நிறுத்துங்க."

"என்ன?"

"உஷ்."

வயிற்றுக்குள், வெகு தூரத்தில், நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு சத்தம் வருமே, தண்ணீர் வருவதற்கு முன்னால், அந்த மாதிரி ஒரு 'குளுக்'. பிறகு அமைதி. பிறகு இன்னொன்று. பிறகு ஒன்றோடு ஒன்று சேர்ந்து சலசலவென்று ஓட ஆரம்பித்தது.

"வந்துருச்சு!" என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை மேசையில் இடித்தது. "நீங்க கேளுங்க, நீங்க கேளுங்க மச்சான்!"

ரொட்டிக்காரர் காதை வைத்தார். மாவு படிந்த புருவம் மேலே ஏறியது. "யம்மாடி," என்றார்.

டாக்டருக்குப் போன் போட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பேசியதில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மருந்து கொடுக்கச் சொன்னாள், கொஞ்சமே கொஞ்சம் ஊட்டச் சொன்னாள், புல்லை மூக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். ரொட்டிக்காரர் மருந்தைக் கொடுத்துவிட்டு, "மருந்து கொடுத்தாச்சு," என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் உரக்க அறிவித்தார். "ஊட்டியாச்சு," என்று இவரும் பதிலுக்கு அறிவித்தார்.

விளக்குப் போடுகிற நேரத்தில் மாமியார் எழுந்து, சோம்பல் முறித்து, தட்டுக்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் நகர்ந்த இடத்தில் ஒன்று கிடந்தது. சின்னது, வறண்டது, கோணலானது, முடி இழையில் கோத்ததுபோல இன்னும் இரண்டு அதன் பின்னால். இரண்டு பெரிய மனுஷர்கள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையோடு தலை முட்டக் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"முத்து மாதிரி இருக்கு மாப்ள."

"முத்தா? கண்ணாடிய மாத்துங்க. ஆனா அழகாத்தான் இருக்கு."

"இதக் கூட்டித் தள்ளவே மனசு வரல."

"அதுக்காக எடுத்து வைக்கச் சொல்றீங்களா?"

அப்போது ஒரு சத்தம். கரக், கரக். மாமியார் ஒரு புல் தண்டை இழுத்து, ஓரத்திலிருந்து உள்ளே வாங்கிக்கொண்டிருந்தாள். யாரும் ஊட்டவில்லை. மென்று முடித்து அடுத்ததை இழுத்தாள். குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்தார். ரொட்டிக்காரர் வேலைக்குப் போன அதே சட்டையோடு சுவரில் சாய்ந்தார். இரண்டு பேருக்குமே எழுந்து முகம் கழுவத் தோன்றவில்லை.

போன் அடித்தது. மனைவி.

குழாய்க்காரர் ஒரு கணம் போனைப் பார்த்தார். தூங்குகிறாள் என்று இப்போதும் சொல்லலாம். பிழைத்தாகிவிட்டது, யாருக்குத் தெரியப்போகிறது? ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாமியாரு எப்படி இருக்கா?"

"செத்துப் பொழைச்சா," என்றார். இந்தத் தடவை பூசி மெழுகவில்லை. வாழைப்பழம், ரஸ்க்கு, சுத்தமான தட்டு, டாக்டரிடம் சொன்ன பொய், இரண்டு சிரிஞ்சு, எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டினார். மச்சான் விட்ட இடத்தை மச்சானே நிரப்பினார். கொட்டி முடித்ததும் தொடங்கியது பாட்டு. "ரெண்டு பேரும் மனுஷங்களா? வாயில்லாத ஜீவன இப்படியா பண்ணுவீங்க? கிழவனாகியும் புத்தி இருக்கா? நாளைக்குக் காலையில வண்டி ஏறி வரேன்."

"திட்டு, நல்லாத் திட்டு. தப்பு எங்க மேலதான்," என்றார் குழாய்க்காரர். "ஆனா ஒண்ணு கேக்கறேன். கதவச் சாத்திட்டு என்கிட்ட என்ன சொன்ன? அதே கதவச் சாத்திட்டு உங்க அண்ணன்கிட்ட என்ன சொன்ன?"



"லைன் சரியாக் கேக்கல," என்றாள் அவள்.

"எனக்கு நல்லாக் கேக்குது தங்கச்சி," என்றார் ரொட்டிக்காரர்.

குழாய்க்காரர் குரலை உயர்த்தவில்லை. "நீ வர வேணாம். பிள்ள எந்த நேரமும் பொறக்கலாம், மகள விட்டுட்டு வராத. இவ இப்பத் தானா புல்லு திங்கறா. டாக்டரம்மா நாளைக்கு வந்து காட்டச் சொல்லியிருக்காங்க, காட்டறோம். மருந்து அவரு, ஊட்டறது நான். இங்க ஒரு குறையும் இல்ல."

அவள் யோசிப்பது போனிலேயே கேட்டது. பின்னால் மகள் ஏதோ கேட்கிற குரல், பாத்திரச் சத்தம்.

"புல்லு இருக்கா, வாங்கணுமா?" என்றாள் கடைசியில்.

"இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறப்ப இன்னும் வாங்கிருவோம்."

"தண்ணி?"

"கிண்ணத்துல குடிக்கிறா. சாயங்காலத்துலேருந்து ரெண்டு தடவ கிண்ணத்துக்குப் போனா."

"வயிறு மெத்துனு இருக்கா?"

அவர் மச்சானைப் பார்த்தார். ரொட்டிக்காரர் கையை நீட்டி, தொட்டு, தலையசைத்தார்.

"மெத்துனு இருக்கு," என்றார்.

"சரி. அப்ப நான் இங்க மகளப் பாக்கறேன்," என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.